சிரிப்புக்கு விட்ட இடம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். வயிறு நிறைந்தவர்களுக்கு உலகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதில் ஆட்சேபணை இல்லை போலும். முதலாளி பின்னறையில் லென்ஸ் இழைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கண்ணயர்வார். முன்பக்கம் முழுக்க என் ராஜ்யம். மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. நடுவில் உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு நான் பயந்து பழகிக்கொண்டிருந்தேன். கண்ணை அகல விரித்தேன், தோளைக் குறுக்கினேன், உதட்டை லேசாக நடுங்க விட்டேன். எதிர்ச்சுவரில் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்கும் பின்னால் விரல் அளவுக்குச் சிறுத்துப்போன ஒருத்தி என்று வரிசையாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் பயந்தார்கள். ஒருத்திக்காவது ஒழுங்காக வந்தால்தானே. அத்தனை பேருக்கும் பல்வலி வந்தது போலத்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தால் வாசலில் ஒருவர், காதில் மாட்டும் கம்பி ஒடிந்த மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நாடகத்துக்கு ஒத்திகை என்று சொன்னதும் என்னை உற்றுப் பார்த்தார்.

"அட, நீங்க அந்த வாயை மூடு அம்மாதானே?" என்றார்.

ஆமாம் என்றேன். அவருடைய அப்பா சின்ன வயதில் அவரைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த நாடகத்துக்குக் கூட்டிப்போனாராம். அப்பா சிரித்து ஆடிய ஆட்டத்தில் இவர் தோளிலிருந்து கீழே விழப் பார்த்தாராம். பிறகு, இப்படிச் சந்திக்கிற எல்லோரும் செய்வது போலவே உள்ளங்கையை ஓங்கிக்கொண்டு, "வாயை மூடு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக் காட்டினார். நானும் எப்போதும் போலத் தலையைக் குனிந்து காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். புதுக் கம்பி மாட்டி, மூக்குப் பிடியைச் சரிசெய்து கொடுத்தேன். படியிறங்கும்போதும் சிரித்துக்கொண்டே போனார்.

நாடகத்தின் பெயர் 'வட்ட முத்திரை'. நாங்கள் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் எழுதியது. அது மேடையேறுவதைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஊர், ஓர் அலுவலகம், ஒரு ரப்பர் முத்திரை. அந்த முத்திரை விழாமல் அந்த ஊரில் யாரும் பிறக்கமுடியாது, கல்யாணம் செய்துகொள்ள முடியாது, நிம்மதியாகச் சாகவும் முடியாது. ஒருநாள் முத்திரை தொலைந்துபோகிறது. தலைமை எழுத்தர் விஷயத்தை மறைத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் "நாளைக்கு வாங்க" என்கிறார். செத்துப்போன ஒரு மனிதர், சான்றிதழ் இல்லாமல் மேலே உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் ஐயா என்று தினமும் வந்து வரிசையில் நிற்கிறார். தலைமை எழுத்தர் என் வீட்டுக்காரர். அவருடைய மனைவி நான், மேடையிலும். முத்திரை எங்கே இருக்கிறது என்பது எனக்கும் பார்க்கிறவர்களுக்கும் மட்டும் தெரியும். முதல் காட்சியிலேயே, அவர் சட்டைப் பையிலிருந்து விழுந்த அந்தக் கட்டையை எடுத்து, ஆடுகிற கட்டிலின் காலுக்கு நான்தான் முட்டுக் கொடுக்கிறேன். இரண்டாம் அங்கத்தில் அவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடும்போது, மூன்று தடவை "ஏங்க" என்று வாயைத் திறக்கிறேன். மூன்று தடவையும் அவர் "வாயை மூடு" என்கிறார். மூன்றாவது தடவை கையை ஓங்கிக்கொண்டு சொல்வார், நான் தலையைக் குனிவேன். என்னை ஒரே ஒரு வாக்கியம் பேச விட்டிருந்தால் நாடகம் அங்கேயே முடிந்து எல்லோரும் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். விடாததால்தான் மூன்றாம் அங்கம் என்று ஒன்று இருக்கிறது.

எங்கள் இயக்குநருக்குத் தாளம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, நாங்கள் வைத்தது. வசனத்தை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துவிடலாம், சிரிப்பை மனப்பாடம் செய்கிறவன்தான் நடிகன் என்பது அவருடைய கட்சி. ஒத்திகையில் ஆளில்லாத கூடத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சிரிப்பு விழவேண்டிய இடம் வந்ததும் இரண்டு உள்ளங்கையாலும் மேசையைத் தட்டுவார். பொட்டென்று வெடிக்கிற சிரிப்பு ஒரு விதம், பின்வரிசையிலிருந்து உருண்டு வருகிற சிரிப்பு ஒரு விதம். அவர் தட்டி முடிக்கிறவரை மேடையில் யாரும் அசையக்கூடாது. கை எங்கே இருந்ததோ அங்கேயே, கண் எங்கே பார்த்ததோ அங்கேயே. சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பிக்கும்போதுதான் அடுத்த வசனம். முந்தினால் வசனம் மூழ்கிப்போகும், பிந்தினால் கூடம் ஆறிப்போகும். இதை வருடக்கணக்காகப் பழகியதில் எங்களுக்கு வீட்டிலும் அந்தப் புத்தி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, கையில் தம்ளரோடு, நான் சிரித்து முடிக்கட்டும் என்று அப்படியே நிற்பார்.

மூன்றாவது "வாயை மூடு"வுக்கு வருகிற சிரிப்புதான் நாடகத்திலேயே பெரியது. தாளம் அதற்குத் தட்டித் தட்டிக் கை சிவந்து, உள்ளங்கையை ஊதிக்கொள்வார். கூடம் மொத்தமும் சிரிக்கும், நான் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருப்பேன். முதலிரண்டு வருடம் காது கூசியது. அப்புறம் அது பழகி, ஒரு வீடு மாதிரி ஆகிவிட்டது. சொன்னால் நம்பமாட்டார்கள், அந்தச் சிரிப்புக்குள் எனக்கென்று ஓர் அறை இருந்தது. வெளியே அவ்வளவு சத்தம். உள்ளே ஒரு சத்தமும் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் மேடைப் பலகை இடுக்குகளில் தூசி மெதுவாக எழுந்து மிதக்கும். யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், எதையும் எடுத்துக் கொடுக்கச் சொல்லமாட்டார்கள். அங்கே நின்றுதான் என் மகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்தேன். என் அம்மா இறந்துபோன மாதத்தில் அங்கே நின்றுதான் யாருக்கும் தெரியாமல் அழுதேன்; குனிந்த தலை, யார் பார்க்கப்போகிறார்கள். சில நாள் ஒன்றுமே நினைக்காமல், தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதுபோல இருந்துவிட்டு வருவேன். உலகத்தில் பெரும்பாலான பெண்களுக்கு அவ்வளவு நீளமான ஓய்வு கிடைப்பதில்லை.

நாங்கள் போட ஆரம்பித்த காலத்தில் அது சிரிப்பு நாடகமாக இல்லை, வம்பு நாடகமாக இருந்தது. முன்வரிசையில் அதிகாரிகள் செதுக்கி வைத்ததுபோல உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசை அவர்களுடைய பிடரியைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கும். மூன்றாவது தடவை போட்டதோடு கூடத்துக்கான அனுமதியை நிறுத்திவிட்டார்கள். தாளமும் என் வீட்டுக்காரரும் மனுவோடு அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவை வாங்கிப் புரட்டிவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "நாளைக்கு வாங்க" என்றாராம். இரண்டு பேரும் அடக்கமாட்டாமல் அங்கேயே வெடித்துச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு விலையாக அந்த வருடம் முழுக்க நாடகம் இல்லை.

பிறகு காலம் மாறியது. அதே அலுவலகம் தன் ஆண்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டது. முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பெரிய அதிகாரி மேடையேறி என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, தங்கள் அலுவலகத்திலும் அச்சு அசலாக இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அறிவித்தார். அவர் யாரைச் சொன்னாரோ அந்த மனிதர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தாளம் சாப்பிடவில்லை. வண்டியில் திரும்பும்போது, "எல்லாரும் பக்கத்து சீட்டப் பாத்து சிரிக்கறாங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் நாடகம் பாடப்புத்தகத்தில் ஏறியது. பாடப்புத்தகத்தில் ஏறினால் எதற்கும் உயிர் போய்விடும் என்பது நாங்கள் கண்கூடாகப் பார்த்தது. மாணவர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து, சிரிக்கவேண்டிய இடத்தில் குறிப்பெடுத்தார்கள். அவர்களே வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வசனம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. என் வீட்டுக்காரர் கையை ஓங்கினால் போதும், கூடமே சேர்ந்து "வாயை மூடு" என்று கத்தியது. ஆயிரம் பேர் ஒரே குரலில் சொல்லக் கேட்பது என்பது வேறு. நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கல்யாண வீடுகளிலும் அதுதான். சொந்தக்காரர்கள் எங்களை நடுவில் நிறுத்தி, மாமா ஒரு தடவை சொல்லுங்க மாமா என்பார்கள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே சொல்வார், நான் குனிவேன், சாப்பாட்டுக் கூடம் அதிரும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், வீட்டுக்குள் அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என்னை அதட்டியதே இல்லை. அதட்டுவதற்கும் பேசவேண்டுமல்லவா. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர், எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று நாளெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேச்சு மிச்சம் இருக்காது.

பிறகு மெல்ல மெல்ல ஏதோ நகர ஆரம்பித்தது. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு முத்திரை என்றால் என்னவென்று தெரியவில்லை. கைப்பேசியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. காட்சி முடிந்து ஒரு பெண் மேடைக்குப் பின்னால் வந்து, முத்திரை தொலைந்தால் இன்னொன்று செய்துகொள்ளவேண்டியதுதானே என்று தாளத்திடம் கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. தாளம் ஒரு வாரம் அதே நினைப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். ஊரையே வீட்டுக்குள் அடைத்துவைத்த அந்தத் தொற்றுநோய் வந்து போனதற்கு அடுத்த வருடம், செத்துப்போன மனிதர் சான்றிதழ் கேட்டு வரிசையில் வந்து நின்றதும் கூடம் நிசப்தமாகிவிட்டது. பெரிய சிரிப்பு வரவேண்டிய இடம் அது. இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொருவர். செத்தவராக நடிக்கிறவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்க்கும் சாதுவான மனிதர். மேடைக்குப் பின்னால் வந்து, முகத்தில் பூசிய வெள்ளை மாவை வழித்தபடி, தான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

போன வருடம் "வாயை மூடு"வுக்கும் சிரிப்பு வரவில்லை. சரியாகச் சொன்னால், பழைய ஆட்கள் நாலைந்து பேர் ஆரம்பித்துவிட்டு, தாங்கள் மட்டும்தான் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஓங்கிய கையோடு நின்றார். சிரிப்பு இறங்கினால்தானே அடுத்த வசனம். ஏறாத சிரிப்பு எப்போது இறங்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும். ஒருவழியாக வசனத்தை எடுத்தார், ஆனால் அதற்கப்புறம் அவர் பேசிய எதுவும் அவர் குரலாக இல்லை. அன்றைக்கு எனக்கும் ஒன்று நடந்தது. நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்து என் அறைக்குள் நுழையப் போனேன். அறை இல்லை. சுவரே இல்லாத இடத்தில், வெளிச்சத்துக்கு நடுவில், புருஷன் கை ஓங்க, தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் அந்தக் காட்சிக்கு வந்திருந்தாள். ஊர் போய்ச் சேர்ந்து ஃபோனில் பேசும்போது, சுற்றிச் சுற்றி வந்து கேட்டாள்.

"அம்மா, அந்த இடத்துல குனிஞ்சுக்கிட்டு நிக்கறப்ப நீ என்ன நெனைச்சுப்ப?"

ஒன்றும் நினைக்கமாட்டேன் என்றேன். அதுவும் உண்மைதான்.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கு இருந்தது இந்த நாடகமும் அந்தச் சிரிப்பும்தான். அதைக் காணாமல் போக்கிவிட்டு ஆள் கரைந்துபோனார். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு "வாயை மூடு" என்று உரக்கச் சொல்லிப் பார்ப்பார், பிறகு தாழ்ந்த குரலில், பிறகு மூக்கால், பிறகு ஒவ்வொரு எழுத்தாக. வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். குழுவில் இளையவர்கள் அந்த இடத்தையே வெட்டிவிடலாம் என்றார்கள். தாளம் ஒத்துக்கொள்ளவில்லை, எழுதியவர் எழுதியதில் ஒரு சொல்லைத் தொடமாட்டோம் என்பது குழு தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற கட்டுப்பாடு. இந்த வருடம் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், அந்த இடம் எழும்பவில்லையென்றால் நாடகத்தையே மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவானது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

காட்சிக்கு முந்தின வாரம், காலையில், நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில், வாசலில் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன், பின்னாலேயே வந்து நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

"நீ சரியா பயப்படலையோன்னு தோணுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"முன்னல்லாம் நல்லா பயப்படுவ. இப்ப பழகிப்போச்சு உனக்கு. இன்னும் கொஞ்சம் பயந்தேன்னா, சிரிப்பாங்க."

கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தபோது, பார்வை சோதிக்க வந்து, அட்டையில் கடைசி வரி தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளப் பயப்படுகிறவர்களின் கண்ணாக இருந்தது அது. அவர்களிடம் யாராவது கோபப்படுவார்களா. சரி, பயந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படித்தான் அந்த வாரம் முழுக்கக் கடைச்சுவர்க் கண்ணாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பல்வலிக்காரியானேன்.

காட்சி அன்றைக்குக் கூடம் நிரம்பியிருந்தது. கடைசிக் காட்சியாக இருந்தாலும் இருக்கும் என்று எப்படியோ பேச்சுப் பரவிவிட்டது. நரைத்த தலைகள் பக்கவாட்டில், கறுத்த தலைகள் நடுவில். முதல் அங்கம் சுமாராகப் போனது. சுற்றிச் சுழற்றும் பழைய தொலைபேசியைப் பார்த்து இளசுகள் சிரித்தார்கள். அங்கே சிரிப்புக்கு நாங்கள் இடமே விட்டதில்லை, வசனம் மூழ்கிப்போனது. இரண்டாம் அங்கம் தொடங்கியது. எங்கள் வீடு: ஒரு மேசை, ஆணியில் ஒரு சட்டை, தரைவரை தொங்குகிற விரிப்போடு கட்டில். அவர் தலையணையைத் தூக்கி எறிந்து, இழுப்பறையைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தார். நான் "ஏங்க" என்றேன். "வாயை மூடு." ஓரிருவர் சிரித்தார்கள். இரண்டாவது தடவை அதுவும் இல்லை. மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்தபோது, ஒரு வாரமாக வராத பயம் தானாக வந்தது. அவரைப் பார்த்து இல்லை. அவருக்காக. சிரிக்கமாட்டார்கள், இந்த மனிதர் நொறுங்கிப்போவார் என்று எனக்குக் குலை நடுங்கியது. உதடு தானாகத் துடித்தது, கை தானாக முந்தானையைச் சுருட்டியது. எந்தக் கண்ணாடிக்கு முன்னாலும் அவ்வளவு நன்றாக நான் பயந்ததில்லை.

அவர் கையை ஓங்கி, "வாயை மூடு" என்றார். நான் குனிந்தேன்.

கூடத்தில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர் காத்திருந்தார். நான் பலகை இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசி எழுந்தது, மிதந்தது, திரும்பவும் உட்கார்ந்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. தாளம். அங்கே இருந்த மரப்பெட்டியின் மேல், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். வராத சிரிப்பைத் தன் நண்பனுக்காக அவர் தட்டினார். முதலில் மெதுவாக, பிறகு ஏற்றி, அந்தப் பெரிய சிரிப்பு எப்படி உச்சிக்குப் போகுமோ அப்படியே. ஓரக்கண்ணால் மேலே பார்த்தேன். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. தட்டுவது தேய்ந்து, நின்றது. அவர் அடுத்த வசனத்தை எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை.

மூன்றாம் வரிசையிலோ நாலாம் வரிசையிலோ ஒரு பெண், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போலத்தான், "பாவம்" என்றாள்.

சிரிப்பை நான் தாங்கிக்கொண்டேன். ஆயிரம் பேர் சேர்ந்து கத்தியதைத் தாங்கிக்கொண்டேன். கல்யாண வீடுகளைத் தாங்கிக்கொண்டேன். இந்த ஒரு சொல்லை என்னால் தாங்கமுடியவில்லை. அது என்னைச் சொன்னதா, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிற அவரைச் சொன்னதா என்பதுகூடத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அந்தச் சொல்லிலிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்ற என்னுடைய ஆசையும் அதில் இல்லை என்று சொன்னால் அது பொய்.

நான் தலையை நிமிர்த்தினேன்.

"முத்திரை கட்டில் காலுக்கு அடியில இருக்குங்க" என்றேன்.

மேடைக் குரலில் இல்லை. கடையில், இந்தக் கண்ணாடிச் சட்டம் உங்கள் முகத்துக்குச் சரியாக இருக்கும் என்று சொல்கிற குரலில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், எழுதியவர் எழுதாத ஒரு வாக்கியம் அந்த மேடையில் நின்றுகொண்டிருப்பது எனக்கே உறைத்தது. நாடகம் முடிந்துவிட்டது. இன்னும் ஓர் அங்கம் முழுசாக மிச்சம் இருக்க, நாடகம் முடிந்துவிட்டது. பக்கத் திரைக்குள் செத்த மனிதர் முகமெல்லாம் மாவோடு, கையில் மனுவோடு, இனித் தனக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் நின்றார். அவருக்கு அருகில் தாளம் தன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து எனக்குக் காட்டினார். முத்திரை. முன்பு ஒரு தடவை அது உண்மையாகவே தொலைந்து ஊரெல்லாம் தேடிய பிறகு, முதல் காட்சி முடிந்ததும் தாளம் அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மூன்றாம் அங்கத்துக்கு முன்னால்தான் திரும்ப வைப்பது என்று வழக்கமாகிவிட்டது. இரண்டாம் அங்கத்தில் அங்கே யார் பார்க்கப்போகிறார்கள். கட்டில் காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரியும், தாளத்துக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

அவர் கையை இறக்கினார். உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. என்னைப் பார்த்தார். தலைமை எழுத்தரின் முகம் எங்கோ போயிருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து வாசலில் நிற்கிற முகம் அது.

"எப்ப வெச்ச?" என்றார்.

"முதல்லயே. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவர் யோசித்தார். கூடத்தில் யாரும் அசையவில்லை. எந்தச் சிரிப்புக்கு முன்னாலும் அவர்கள் அப்படி அடங்கி இருந்ததில்லை. பிறகு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வயதில் மடங்க மறுக்கும் வலது முழங்காலை மடக்கி, மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். விரிப்பை ஒதுக்கினார். கட்டிலை ஒரு தோளால் தூக்கிக்கொண்டு கையை உள்ளே விட்டார். பலகையில் அவருடைய விரல்கள் உராயும் சத்தம் எனக்குக் கேட்டது.

"இங்கயா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள" என்றேன்.

அவர் இன்னும் குனிந்தார். கன்னம் பலகையில் பட்டது. முழங்கை வரைக்கும், பிறகு தோள் வரைக்கும் கையை நீட்டி, ஒன்றுமில்லாத அந்த இடத்தில் பொறுமையாகத் துழாவினார். கண் மட்டும், அடுத்து என்ன சொல்லப்போகிறேனோ என்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.